வர்தா அடித்த நாளில் கோடம்பாக்கத்தில்

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. காலை எழும்பூரில் இறங்கும்போதே நல்ல மழை. புயல் வருகிறது என்று தெரியும். ஆனால் பைக்கிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டோடு படுத்திருக்கும் நண்பனைப் போய்ப் பார்ப்பதை ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போட்டிருந்தேன், இந்த முறையும் தள்ளிப்போட மனசு வரவில்லை. மின்சார ரயில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. கோடம்பாக்கத்தில் இறங்கி அவன் தெருவுக்குள் நுழைந்தேன். இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்களும் கொன்றையும் மேலே கைகோத்துக்கொண்டு நிற்கிற தெரு அது, சித்திரை மாதத்தில்கூட வெயில் தரையில் விழாது.

வீடு இரண்டாவது மாடி. நண்பனின் அம்மா அரிசி, பருப்பு, பத்திரங்கள் எல்லாவற்றையும் பரணில் ஏற்றி வைத்திருந்தார். மாடியில் இருந்தும் அந்தப் பயம். முந்தைய வருட வெள்ளத்தைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் புயல் என்றால் தண்ணீர்தான் ஞாபகத்துக்கு வந்தது, காற்றை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. சென்னை கடைசியாக இப்படி ஒரு புயலை நேராக வாங்கியது 1994-ல், எங்களுக்கு அப்போது விவரம் தெரியாத வயசு.

கரண்ட் காலையிலேயே போய்விட்டது. நண்பகலுக்கு அப்புறம் காற்றின் சத்தம் மாறியது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் என்று பின்னால் படித்தேன், ஆனால் அந்த எண்ணை வைத்து அதை விளங்கிக்கொள்ள முடியாது. ஜன்னல் கதவு கம்பியோடு சேர்ந்து நடுங்கியது. பக்கத்து மாடியின் தகர ஷீட் பிய்த்துக்கொண்டு போய் எங்கேயோ விழுந்தது. நண்பனால் எழுந்து வர முடியாது, படுத்தபடியே "எது டா விழுந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான், நான் ஜன்னல் இடுக்கில் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக் கொன்றை. அடுத்து டெலிபோன் கம்பம். மரம் முறியும்போது ஒரே சத்தமாகக் கேட்பதில்லை, முதலில் நாரெல்லாம் கிழிகிற மாதிரி நீளமாக ஒன்று, அப்புறம்தான் தொப்பென்று விழுகிறது.

மூன்றரை, நான்கு மணிவாக்கில் திடீரென்று எல்லாம் அடங்கியது. ஜனங்கள் தெருவில் இறங்கிவிட்டார்கள், சிலர் போட்டோ எடுத்தார்கள். நானும் செருப்பை மாட்டினேன். "டேய் போகாதே, இது கண்ணு, நடுப்பகுதி, திரும்ப அடிக்கும்" என்று நண்பன் கத்தினான். அவன் சொன்னது சரி. புயலின் மையம் ஒரு இடத்தைத் தாண்டும்போது காற்று நின்றுவிடும், தாண்டிய பிறகு எதிர்த்திசையிலிருந்து வரும். அதுவரை வடக்கிலிருந்து அடித்தது இப்போது தெற்கிலிருந்து அடித்தது. ஏற்கெனவே ஒரு பக்கம் ஆட்டி வேரைத் தளர்த்தி வைத்திருந்த மரங்களை மறுபக்கம் ஒரு தள்ளு. பெரிய தூங்குமூஞ்சி மரம் அப்போதுதான் சாய்ந்தது.

இருட்டிய பிறகுதான் அம்மா சொன்னார், "இன்னிக்குக் கார்த்திகை தீபம் தம்பி." அகல், திரி, எண்ணெய் எல்லாம் தயாராக வைத்திருந்தார், வாசலில் ஏற்றத்தான் வழியில்லை. இருபத்தோரு விளக்கையும் உள்ளேயே ஏற்றினோம், சமையலறையில் ஐந்து, நண்பனின் கட்டில் பக்கம் நான்கு, மீதி கூடத்தில். செல்போனில் சிக்னல் போயிருந்தது, நான் பத்திரமாக இருக்கிறேன் என்று வீட்டுக்குச் சொல்லக்கூட முடியவில்லை. அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனாலும் மூன்று பேரும் அந்த வெளிச்சத்தில் பொரி உருண்டை தின்றுகொண்டு நள்ளிரவு வரை பேசினோம், நண்பன் கால் வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் தண்ணீர்தான் பெரும்பாடு. கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாது, மேல்தொட்டி காலி. தெருமுனை அடிபம்பில் வரிசையில் நின்று குடம் குடமாக இரண்டு மாடி ஏற்றினேன். வந்ததற்கு ஒரு உபயோகம் இருந்தது என்று அப்போது உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். பால் வாங்கப் போனால் கையில் இருந்தது ஒரே ஒரு புது 2000 ரூபாய் நோட்டு. பழைய 500, 1000 செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, சில்லறை யாரிடமும் இல்லை, ஏடிஎம்மும் கரண்ட் இல்லாமல் மூடிக்கிடந்தது. "அப்புறம் குடுங்க சார்" என்று கடைக்காரர் பாலைக் கையில் திணித்தார். என்னை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

சாய்ந்து கிடந்த தூங்குமூஞ்சியின் அடியைப் போய்ப் பார்த்தேன். அவ்வளவு பெரிய மரத்துக்கு வேர் ஒரு சாப்பாட்டு மேஜை அளவுதான் இருந்தது. ஒரு பக்கம் நடைபாதை சிமெண்ட், மறுபக்கம் கேபிளுக்குத் தோண்டிய பள்ளம், வேர் எங்கே போகும்? புயலை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனசு ஒப்பவில்லை. நாலு வீடு தள்ளி இருந்த வேப்பமரம் கிளைகளை இழந்து மொட்டையாக, ஆனால் நேராக நின்றது.

புதன்கிழமை இரவு கோயம்பேட்டில் பஸ் ஏறினேன். வெள்ளிக்கிழமை நண்பன் கூப்பிட்டான், கரண்ட் வந்துவிட்டதாம். பால்காரருக்குப் பணம் கொடுத்துவிட்டாயா என்று கேட்டேன். கொடுத்துவிட்டானாம். "ஆனா கட்டில் மேல நேரா வெயில் அடிக்குது டா, அம்மா ஜன்னலுக்குப் பழைய புடவையைக் கட்டியிருக்காங்க" என்றான்.