மாமா வண்டி ரிமோட் சாவிக்கு சார்ஜ் ஏறல: பிரிச்சு, அளந்து, சரி பண்ணுன கணக்கு

மதுரை சித்திரைத் திருவிழாவுல அழகர எதிர்கொண்டு வரவேற்கற எதிர்சேவை அன்னிக்கு ஆரம்பிச்சது இது. மாமா வண்டிய மூன்றுமாவடி பக்கம் ஒரு சந்துல விட்டுட்டு எல்லாரும் அழகரப் பாக்கப் போயிட்டோம், ராத்திரி திரும்பி வந்து மாமா ரிமோட்ட அமுக்குறாரு அமுக்குறாரு, வண்டி கண்ணு கூட சிமிட்டல. சாவியக் கதவுல விட்டுத் திருப்பினா தொறந்துச்சு, உள்ள போட்டுத் திருப்பினா ஸ்டார்ட்டும் ஆச்சு. ரிமோட் மட்டும் செத்துப் போச்சு. "மாப்ள, நீதான இந்த போர்டு வேலையெல்லாம் பாப்ப, என்னன்னு பாருய்யா"ன்னு சாவியக் கையில குடுத்துட்டாரு.

வண்டி 2003 மாடல் ஜெர்மன் செடான், மாமா மூணாவது கை. சாவியும் ரிமோட்டும் ஒரே துண்டு, பேட்டரி மாத்த மூடி, ஸ்க்ரூ எதுவுமே கெடையாது, சுத்தி ஒட்டி மூடியிருக்கும். ஏன்னா உள்ள இருக்கறது ரிச்சார்ஜ் பேட்டரி. இக்னிஷன் துவாரத்தச் சுத்தி ஒரு வளையக் காயில் (கம்பிச் சுருள்) இருக்கு, சாவிக்குள்ள ஒரு சின்னக் காயில் இருக்கு, வண்டி ஓடும்போது காந்தப்புலம் வழியா அதுல இருந்து இதுக்கு கரண்ட் தாவி சார்ஜ் ஏறும், வயர் கிடையாது. நம்ம போன வயர்லெஸ் சார்ஜர் மேல வைக்கிறோம்ல, அதே தத்துவம்தான், ஆனா அந்தக் காலத்துலயே சாவில பண்ணியிருக்காங்க. எனக்கு இந்த டிசைன் ரொம்பப் புடிச்சிருக்கு.

ஸ்டார்ட் ஆகறதுக்கும் பேட்டரிக்கும் சம்பந்தம் இல்லங்கறதயும் முதல்லயே சொல்லிடறேன், நெறைய பேரு இங்கதான் குழம்புறாங்க. சாவிக்குள்ள இம்மொபைலைசர்னு ஒரு சிப்பு இருக்கு, இது நம்ம சாவிதான்னு வண்டிக்குச் சொல்ற திருட்டுத் தடுப்பு சிப்பு. அதுக்கு வேண்டிய கரண்ட்ட அந்த வளையக் காயிலே அந்த நேரத்துக்குக் குடுத்துடும். அதனால ரிமோட் செத்தும் வண்டி ஸ்டார்ட் ஆகுதுன்னா சிப்பு நல்லா இருக்குன்னு அர்த்தம், புது சாவிக்குப் போக வேண்டியதில்ல. மாமா விசாரிச்சப்ப புது சாவிக்கு அஞ்சு இலக்கத்துல ஒரு தொகை சொல்லி, வெளிநாட்டுல இருந்து வரணும், நாளாகும்னு சொல்லிட்டாங்களாம்.

முதல் ஞாயித்துக்கெழமை

பிரிக்கறதுக்கு முன்னாடி மாமாகிட்ட உக்காந்து கேட்டேன். ஒரே நாள்ல போச்சா, கொஞ்சம் கொஞ்சமாப் போச்சான்னு. முன்னெல்லாம் கடை வாசல்ல இருந்து அமுக்கினா தெரு முனையில நிக்கிற வண்டி தொறக்குமாம், அப்புறம் பக்கத்துல போனாத்தான், அப்புறம் கண்ணாடிய ஒட்டி வச்சு அமுக்கினாத்தான். ஊருக்குப் போயிட்டு வந்தா அன்னிக்கு மட்டும் ஒழுங்கா வேல செய்யுமாம். இந்தக் கடைசி வார்த்தைதான் முக்கியமாப் பட்டுச்சு. தூரமா ஓட்டினா ஏதோ கொஞ்சம் ஏறுது, ஆனா நிக்க மாட்டேங்குது. மாமாவுக்கு வீடு திருநகர், கடை பழங்காநத்தம். ஒரு தடவைக்கு கால் மணி நேரம் கூட இக்னிஷன்ல சாவி இருக்காது. சார்ஜ் பத்தலங்கறது ஒரு சந்தேகம், பேட்டரி வயசாகிப் போச்சுங்கறது இன்னொண்ணு.

அத்தை பீரோவுல இருந்து ரெண்டாவது சாவிய எடுத்துக் குடுத்தாங்க. அது வருசக்கணக்கா துணிக்கு அடியில கெடந்தது, அதுலயும் ரிமோட் வேல செய்யல.

எங்கிட்ட லேப்டாப்ல சொருகற ஒரு எஸ்.டி.ஆர் டாங்கிள் இருக்கு, ரேடியோ சிக்னல் வந்தா திரையில கோடாக் காட்டும். அத ரிமோட் பேசற 433.92 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில வச்சு ரெண்டு சாவியையும் அமுக்கிப் பாத்தேன். பீரோ சாவில சுத்தமா ஒண்ணுமில்ல. மாமா சாவில மொத அமுக்குக்கு மட்டும் மங்கலா ஒரு கோடு வந்து பாதியிலயே அந்துபோச்சு, ரெண்டாவது அமுக்குக்கு அதுவும் இல்ல. பட்டன் வேல செய்யுது, போர்டு உயிரோட இருக்கு, பவர்தான் பத்தல.

பிரிச்ச அன்னிக்கு

ஒட்டுன விளிம்புலயே பிளேட வச்சு, அழுத்தாம, ஒரே கோட்டுல திரும்பத் திரும்ப இழுத்தேன். ஒரு மில்லிமீட்டருக்கு மேல உள்ள விடக் கூடாது, போர்டு ஓரம் விளிம்ப ஒட்டித்தான் இருக்கும். முக்கா மணி நேரம் ஆச்சு. ஆனா ஒரு பக்கம் ரொம்ப சுளுவா விட்டுச்சு, உள்ள பாத்தா வேற நிறத்துல பசை. யாரோ ஏற்கனவே பிரிச்சிருக்காங்க.

உள்ள இருந்தது சி.ஆர் 2025. சாதாரண வாட்ச் கடையில கெடைக்கிற, ரிச்சார்ஜ் ஆகாத செல். மாமாகிட்ட போன் போட்டு கேட்டா, ரெண்டு வருசம் முன்னாடி சாவி வேல செய்றவர் ஒருத்தர்கிட்ட குடுத்து பேட்டரி மாத்துனோம்யாங்கறாரு. எனக்கு மனசே கேக்கல. ரிச்சார்ஜ் ஆகாத லித்தியம் செல்லுக்கு தினமும் காயில் சார்ஜ் ஏத்திட்டே இருந்தா உள்ள வாயு சேந்து உப்பும், சீல் விட்டு கசியும். இதுவும் உப்பியிருந்துச்சு, தட்டையான தரையில வச்சா சட்டி மாதிரி ஆடுது. பசை சுளுவா விட்டதுக்கும் அதான் காரணம், செல்லே உள்ள இருந்து தள்ளிட்டு இருந்திருக்கு.

இந்த சாவிக்கு வர வேண்டியது வி.எல் 2020ங்கற ரிச்சார்ஜ் செல். ரெண்டுமே 20 மில்லிமீட்டர் விட்டம், ஆனா வி.எல் 2020 தடிமன் 2.0, சி.ஆர் 2025 தடிமன் 2.5. அந்த அரை மில்லிமீட்டருக்குத்தான் போன தடவ பசைய அள்ளிப் பூசி அமுக்கி மூடியிருக்காங்க.

டவுன்ஹால் ரோட்டுல கடை கடையா ஏறி எறங்கினேன், காது (போர்டுல ஈயம் வச்சு ஒட்டறதுக்கான தகடு) வச்ச வி.எல் 2020 இல்ல. ஒரு கடையில எல்.ஐ.ஆர் 2025 இருக்கு, அதுவும் ரிச்சார்ஜ்தான், போட்டுக்கங்க தம்பின்னாரு. ரிச்சார்ஜ்ன்னு எழுதியிருந்தாப் போதாது. எல்.ஐ.ஆர் முழுசா ஏற 4.2 வோல்ட் வேணும். வி.எல் வகைக்கு ஏத்த வேண்டியது 3.4 வோல்ட், சாவிக்குள்ள இருக்கற சார்ஜ் சர்க்யூட் அதுக்குத்தான் செஞ்சது. அந்த 3.4ல எல்.ஐ.ஆர் கிட்டத்தட்ட காலியாத்தான் நிக்கும், ஏறவே ஏறாது. எம்.எல் 2020ன்னு இன்னொண்ணு இருக்கு, அதுக்கு 3.1 வோல்ட் கிட்ட, இதுல போட்டா அளவுக்கு மீறி ஏறும். மூணும் காசு மாதிரி ஒரே விட்டத்துல இருக்கறதாலதான் ஆளுங்க மாத்திப் போட்டுடறாங்க. கடைசில ஆன்லைன்ல காது வெல்டு பண்ணுன வி.எல் 2020 ரெண்டு ஆர்டர் போட்டேன். காது இல்லாத செல்ல வாங்கி நேரா அதுமேல ஈயம் வைக்காதீங்க, சூட்டுல உள்ள சீல் போயிடும்.

செல் வர எட்டு நாளாச்சு. வந்ததும் மீட்டர் வச்சேன், ஒண்ணு 2.84 வோல்ட், இன்னொண்ணு 2.79. அதுக்குள்ள போர்ட பல்லு விளக்கற பிரஷ்ல தொடச்சு வச்சிருந்தேன். பழைய செல் இருந்த இடத்துல ஈயத்த உறிஞ்சு எடுத்து, புது செல்லோட காத வச்சு ஈயத்துல ஒட்டினேன். டாங்கிள்ல பாத்தா கோடு பளிச்சுன்னு வந்துச்சு.

ஆனா வண்டி கேக்கல. இது எதிர்பாத்ததுதான். ஒவ்வொரு அமுக்குக்கும் சாவி அனுப்பற ரகசிய எண் மாறிட்டே போற சிஸ்டம், பேட்டரி இல்லாம கெடந்ததுல சாவிக்கும் வண்டிக்கும் கணக்கு விட்டுப்போச்சு. இந்த மாடலுக்கு திரும்பச் சேக்கற முறை சுலபம்: கதவெல்லாம் மூடிட்டு உள்ள உக்காந்து, சாவிய முதல் நிலைக்குத் திருப்பி உடனே ஆஃப் பண்ணி வெளிய எடுக்கணும். அப்புறம் தொறக்கற பட்டன அமுக்கிப் புடிச்சுக்கிட்டே பத்து செகண்டுக்குள்ள பூட்டற பட்டன மூணு தட்டு தட்டி, ரெண்டையும் விடணும். நாலு கதவும் ஒண்ணா பூட்டித் தொறந்துச்சு பாருங்க, அந்த சத்தத்தக் கேட்டு அத்தை அடுப்படியில இருந்து ஓடி வந்துட்டாங்க.

பத்தாவது நாள்

மறுபடி செத்துருச்சு.

நல்லவேளை பசை போடல, இன்சுலேசன் டேப்தான் சுத்தியிருந்தேன். பிரிச்சு அளந்தா 2.31 வோல்ட். வி.எல் செல் 2.5க்குக் கீழ போனா காலின்னு வச்சுக்கலாம். பத்து நாளா தினம் ரெண்டு தடவ வண்டி ஓடியிருக்கு, அப்ப ரெண்டு கேள்வி. சார்ஜ் ஏன் ஏறல, இருந்தது எங்க போச்சு?

மொதல்ல ரெண்டாவதப் பாத்தேன். செல்லோட ஒரு காத எடுத்துட்டு நடுவுல மீட்டர மைக்ரோஆம்ப்ல வச்சேன். எந்தப் பட்டனும் அமுக்கல, 40 மைக்ரோஆம்ப், அதாவது 0.04 மில்லிஆம்ப் போயிட்டே இருக்கு. சும்மா இருக்கும்போது இந்த போர்டு கிட்டத்தட்ட ஒண்ணுமே இழுக்கக் கூடாது. வி.எல் 2020 முழுசா ஏறினாலே 20 மில்லிஆம்ப்-ஹவர்தான் (ஒரு மணி நேரத்துக்கு 20 மில்லிஆம்ப் குடுக்கற அளவு). 20ஐ 0.04ஆல வகுத்தா 500 மணி நேரம், அதாவது இருபது நாள். என் செல் பாதி சார்ஜ்ல வந்தது, பத்து நாள்ல காலி. கணக்கு அப்படியே பொருந்துனதப் பாத்ததும் எனக்கு தூக்கமே வரல, அன்னிக்கு ராத்திரியே மிச்சத்தையும் பாத்துடணும்னு உக்காந்துட்டேன்.

வாட்ச் ரிப்பேர் பண்றவங்க கண்ணுல மாட்டற லென்ஸ வச்சுப் பாத்தப்பதான் தெரிஞ்சுது. பூட்டற பட்டனோட சுவிட்சு அடியில, பிரஷ் போகாத இடத்துல, பழைய செல் கசிஞ்சது காஞ்சு உப்பு மாதிரி படிஞ்சிருக்கு. அதுக்குப் பக்கத்துலயே போர்டுல கரண்ட் போற ஒரு செம்புத் தடம், தலைமுடி அளவு இருக்கும், பச்சை பூத்து ஒரு இடத்துல அரிச்சு அந்து போயிருக்கு. அந்தத் தடத்தப் புடிச்சுக்கிட்டே போனா ஒரு டயோடு (கரண்ட்ட ஒரே பக்கமா விடற பாகம்) வழியா காயிலுக்குப் போகுது. சார்ஜ் வர்ற வழியே அதான்! உப்பு ஒரு பக்கம் குடிக்குது, வர்ற வாய்க்காலும் ஒடஞ்சு கெடக்கு. புது செல் எத்தன போட்டாலும் பத்து இருபது நாளுக்கு மேல நின்னிருக்காது.

சுவிட்ச சூடு பண்ணிக் கழட்டிட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல பஞ்சு நனைச்சு மூணு தடவ தொடச்சேன், மூணாவது பஞ்சு வெள்ளையா வந்த பிறகுதான் நிறுத்தினேன். மின்விசிறி அடியில ஒரு ராத்திரி காய விட்டேன். காலையில திரும்ப அளந்தா மீட்டர்ல 1 மைக்ரோஆம்ப் கூட நிக்கல. அந்துபோன தடத்துக்கு ஒரு மெல்லிய வயர்ல இருந்து ஒத்த இழைய உருவி, ரெண்டு பக்கமும் பச்சையச் சொரண்டி செம்பு தெரியவிட்டு, பாலம் போட்டேன். காலியான செல்லுக்கு எல்.எம் 317ல (வோல்ட்ட வேண்டிய அளவுல நிறுத்தற ஐ.சி) 3.4 வோல்ட் வச்சு 1 கிலோஓம் ரெசிஸ்டர் வழியா சார்ஜ் குடுத்தேன். ரெசிஸ்டர் ரெண்டு முனையில எத்தன வோல்ட் காட்டுதோ அத்தன மில்லிஆம்ப் ஏறுதுன்னு அர்த்தம். ஆரம்பத்துல 0.9, ரெண்டு நாள் கழிச்சு 0.1க்குக் கீழ வந்துச்சு, எடுத்துட்டேன்.

வண்டிக்குள்ள அளந்தது

போன தடவ நான் விட்ட படி இதுதான், வண்டியில வச்சு சார்ஜ் ஏறுதான்னு பாக்கல. இந்தத் தடவ செல்லோட ரெண்டு காதுலயும் எனாமல் கம்பி ஒண்ணொண்ணு ஒட்டி வெளிய விட்டு, சாவி பாதிய டேப்புல மூடி இக்னிஷன்ல சொருகினேன். செல்ல வேணும்னே கொஞ்சம் எறக்கி வச்சிருந்தேன், ஏறுனா தெரியணும்ல. மாமா ஸ்டீரிங்ல, நான் பக்கத்து சீட்ல மடியில மீட்டரோட. வண்டி ஸ்டார்ட் ஆனதும் 2.71. மாமா "என்ன மாப்ள, ஏறுதா?"ன்னு நிமிசத்துக்கு ஒரு தடவ கேக்குறாரு. பழங்காநத்தம் வந்தப்ப 2.72. அவ்வளவுதான், கடைக்குப் போற தூரத்துக்கு அவ்வளவுதான் ஏறும்.

அந்த வாரமே குலசாமி கும்பிட உசிலம்பட்டி பக்கம் போனோம். செக்கானூரணி தாண்டும்போது 2.76, கோயில் வாசல்ல 2.80. மாமா எதுவும் சொல்லல, மீட்டர வாங்கி அவரே ஒரு தடவ பாத்துட்டுக் குடுத்தாரு.

திரும்பி வந்ததும் கம்பிய எடுத்துட்டு டேப்புலயே விட்டு மூணு வாரம் ஓட்டச் சொன்னேன். ஞாயிறு தோறும் அளந்தது: 2.86, 2.88, 2.88. குறையல. அதுக்கப்புறம்தான் விளிம்புல மெலிசாப் பசை வச்சு, துணி காயப்போடற கிளிப்பு நாலு மாட்டி ஒரு ராத்திரி விட்டேன். 2.0 செல்லுங்கறதால அமுக்காமலே மூடிக்கிச்சு, நகத்த விட்டுப் பாத்தாலும் விளிம்பு தட்டல.

அத்தையோட பீரோ சாவி இன்னும் மேசை மேல இருக்கு. அதுல ஒரிஜினல் வி.எல் செல்தான், கசிவு இல்ல, தடமெல்லாம் சுத்தம், ஆனா 0.4 வோல்ட்டுக்கு எறங்கிப் போயிருச்சு. அவ்வளவு கீழ போன செல்ல நான் திரும்ப ஏத்தப் போறதில்ல, ஆர்டர் போட்டதுல மிச்சம் இருக்கற செல் அதுக்குத்தான். வர்ற ஞாயித்துக்கெழமை மாட்டிட்டு, ரெண்டு சாவியையும் வாரத்துக்கு ஒண்ணா மாத்தி மாத்தி ஓட்டச் சொல்லியிருக்கேன். அத்தை இப்பவே பீரோவுல இருந்த சாவி வளையத்த எடுத்து வாசல் ஆணியில மாட்டிட்டாங்க.