டிராகனுக்கும் பசிக்கும்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கற்பனைச் சாகச விளையாட்டு 1974-ல் வந்தது, இன்றும் அதில் கதையை நடத்தும் பல கேம் மாஸ்டர்கள் வரைபடத்தில் குகைக்கு ஒரு டிராகன் வைக்கிறார்கள், அது எதைத் தின்னும் என்று யாருமே கேட்பதில்லை. உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறினால் சுமார் 10 சதவீத ஆற்றல்தான் மேலே போகும். அப்படிப் பார்த்தால் மான், மாடு, அவை மேய்கிற புல்வெளி எல்லாம் சேர்த்து ஒரு மலைத்தொடரே ஒன்றிரண்டு டிராகனைத்தான் தாங்கும். நான் நடத்தும் விளையாட்டின் உலகத்தில் காப்ளின்கள் என்ற குட்டிப் பூதங்கள் மளமளவென்று பெருகும். அவற்றைத் தின்னும் ட்ரோல் என்ற ராட்சதனை வீரர்கள் தீ வைத்துக் கொன்றுவிட்டால், அடுத்த சில வருடங்களில் பக்கத்துக் கிராமங்களுக்குத்தான் ஆபத்து. இந்தச் சங்கிலி விளைவு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அப்புறம் நிலவறையில் பிணங்களைக் கரைத்துத் தின்னும் ஜெலட்டினஸ் க்யூப் என்ற கூழ் போன்ற கனசதுரப் பிராணியைக் கொன்றால், அடுத்த முறை அங்கே வீசும் நாற்றத்தையும் வர்ணியுங்கள்.