பட்டை இறுகும்போது

மார்ச் 4
முழங்கால் வலிக்குப் போனேன், பிரஷரோடு திரும்பினேன். 158/96. பட்டையில் காற்று ஏறி இறுகும்போதே நெஞ்சு அடிப்பது காதுக்குள் கேட்டது. “டென்ஷன் ஆகாதீங்க” என்றார் டாக்டர். அதைக் கேட்டு டென்ஷன் குறைந்த ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. வெளியே உட்காரவைத்து, அப்புறம் நர்ஸ் பார்த்தபோது 144/90. மாத்திரை எழுதவில்லை. ஒரு வாரம் வீட்டில் பார்த்துக் குறித்துவரச் சொன்னார்.

மார்ச் 6
மேல்கையில் கட்டும் கருவி வாங்கியாச்சு. முதல் அளவே 149/92! வயிற்றைக் கலக்கியது. அப்புறம்தான் உறைத்தது: கால்மேல் கால் போட்டுக்கொண்டு மனைவியிடம் பேசியபடியே எடுத்திருக்கிறேன். முதுகைச் சாய்த்து, வாயை மூடி 5 நிமிடம் உட்கார்ந்த பிறகு 131/83.

மார்ச் 12
காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. முதல் நாளைத் தள்ளிவிட்டால் சராசரி 126/80. வீட்டில் 135/85-க்குக் கீழே இருந்தால் போதுமாம். கூடுதலாக வந்த அளவுகளை விட்டுவிடலாமா என்று ஒரு சபலம். கருவி எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கிறது, அதனால் நேர்மையாளனானேன்.

மார்ச் 14
டாக்டர் அறையில் மறுபடி 152/94. நோட்டைப் பார்த்துச் சிரித்தார்: “வெள்ளை கோட் ரத்தக்கொதிப்பு மாதிரி இருக்கு. டாக்டரைப் பார்த்தா மட்டும் ஏறுற பிரஷர்.” 1983-இல் மிலானில் மான்சியா என்ற ஆய்வாளரின் குழுவினர் தமனிக்குள்ளேயே குழாய் வைத்து அளந்தார்களாம். டாக்டர் உள்ளே வந்த சில நிமிடங்களில் மேல் அளவு சராசரியாக 27 புள்ளி ஏறியிருக்கிறது. எனக்கு மட்டும் இல்லை என்பதில் அற்ப சந்தோஷம். “அப்போ அது பொய் அளவா?” என்றேன். “இல்லை, அந்த நேரத்துக்கு அது நிஜம். மற்ற நேரம் எப்படின்னுதான் பார்க்கணும்.”

மார்ச் 19
24 மணி நேரக் கருவி இடுப்பில். பகலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை கை இறுகுகிறது. அது இறுகும்போதெல்லாம் அசையாமல் நிற்க வேண்டும்; படிக்கட்டில் பாதியில் சிலையாக நின்றேன். ராத்திரி தூக்கத்தில் யாரோ கையைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது.

மார்ச் 21
மொத்தச் சராசரி 124/76. வரைபடத்தில் ஒரே ஒரு கூர், 147. நர்ஸ் கருவியைக் கட்டிவிட்ட நிமிடம்! மாத்திரை வேண்டாம். உப்பைக் குறைக்கணும், நடக்கணும், வருடா வருடம் பார்க்கணும். பிற்காலத்தில் இது நிஜக் கொதிப்பாக மாறுவதும் உண்டாம்.

மார்ச் 22
“டாக்டர்கிட்ட எனக்கு எப்பவும் 120-தான்” என்று பீற்றிக்கொள்ளும் அண்ணன் வந்திருந்தார். விளையாட்டாகக் கட்டிப் பார்த்தோம். 146/91. கொஞ்சம் உட்காரவைத்து மறுபடி எடுத்தேன், 144/90. கருவி கெட்டுப்போச்சு என்றார். இப்படித் தலைகீழாகவும் உண்டு, அது ஒளிந்திருக்கிற கொதிப்பு, அதுதான் ஆபத்து என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். பதில் பேசவில்லை. கிளம்பும்போது கருவியைப் பையில் போட்டுக்கொண்டார்.