திருகோணமலையின் ஈரக்காற்றில் சுருள் காபன் நனோகுழாய் வளர்த்த அனுபவம்

காபன் அணுக்களாலான, தலைமயிரை விடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிய குழாய்களான காபன் நனோகுழாய்களை வளர்ப்பது இன்று பல ஆய்வுகூடங்களில் வழக்கமான வேலையாகிவிட்டது. அவற்றைச் சுருள்வில் வடிவில், அதுவும் ஒரே திசையில் நிமிர்ந்து நிற்கும்படி வளர்ப்பது இன்னும் கடினமாகவே இருக்கிறது. திருகோணமலையில், கடலுக்கு அண்மையிலுள்ள ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் நாங்கள் இதைச் செய்தபோது, உலையைக் காட்டிலும் காற்றிலுள்ள ஈரத்தோடுதான் அதிகம் போராட வேண்டியிருந்தது.

நேரான குழாயின் சுவர் முழுவதும் அறுகோண வளையங்களால் ஆனது. இடையிடையே ஐங்கோண, ஏழுகோண வளையங்கள் ஒழுங்காக வந்து அமைந்தால் சுவர் வளைந்து சுருளாகும். குழாயின் வளர்ச்சியைத் தூண்டும் நுண்ணிய உலோகத் துணிக்கையின் (ஊக்கித் துணிக்கையின்) ஒரு பக்கத்தில் காபன் வேகமாகவும் மறுபக்கத்தில் மெதுவாகவும் வளர்வதே இதற்குக் காரணம் என்று 1994இல் அமெலின்க்ஸ் குழுவினர் விளக்கினர். பின்னர் கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் அப்பாராவ் ராவ் குழுவினர், ஊக்கியான இரும்போடு இந்தியம் என்ற உலோகத்தையும் வெள்ளீயத்தையும் சேர்த்துச் சுருள்களைத் திட்டமிட்டே வளர்க்கலாம் என்று காட்டினர். நாங்கள் பின்பற்றியதும் அந்த வழியையே.

இரும்பைத் தரும் சேர்வையான பெரோசீனையும், இந்தியம், வெள்ளீயம் ஆகியவற்றைத் தரும் ஐசோபுரொபொக்சைட்டுச் சேர்வைகளையும் சைலீன் என்ற கரைப்பானில் கரைத்து, சிரிஞ்ச் பம்ப் மூலம் குவாட்ஸ் குழாய்க்குள் மெதுவாகச் செலுத்தினோம். ஏறத்தாழ 200 பாகை செல்சியசில் இருக்கும் முன்பகுதியில் கரைசல் ஆவியாகும். ஆகனும் ஐதரசனும் கலந்த வாயு அந்த ஆவியை 700 பாகையில் இருக்கும் உட்பகுதிக்குக் கொண்டுசெல்லும். அங்கே அசற்றலீனும் சேர, குவாட்ஸ் தகட்டின் மேல் வளர்ச்சி தொடங்கும். குழாய்கள் நிமிர்ந்து நிற்பதற்கு வேறு தாங்கி எதுவும் தேவையில்லை. நாற்றுமேடையில் நெருங்கி முளைத்த நாற்றுகளைப் போல, அவை ஒன்றையொன்று தாங்கியபடி மேலெழும்.

வாடைக் காற்று வீசும் கார்த்திகை, மார்கழி மாதங்களில்தான் சிக்கல் தெரிந்தது. தெளிந்த செம்மஞ்சள் நிறத்தில் இருக்க வேண்டிய கரைசல் கலங்கி, போத்தலின் அடியில் வெண்ணிறப் பொடி படியத் தொடங்கியது. ஐசோபுரொபொக்சைட்டுகள் நீராவி பட்டாலே நீர்ப்பகுப்படைந்து வீழ்படிவாகிவிடும். இந்தியமும் வெள்ளீயமும் இப்படி அடியில் தங்கிவிட, உலைக்குப் போனது பெரும்பாலும் இரும்பு மட்டுமே; ஆகவே வளர்ந்தவையும் நேரான குழாய்களே. குளிரூட்டிய அறை மட்டும் இதற்குப் போதாது என்பது என் உறுதியான கருத்து. ஈரத்தை உறிஞ்சும் மூலக்கூற்றுச் சல்லடை மணிகளைச் சூடாக்கி நீர் நீக்கி, அவற்றின் மேல் சைலீனை இரவு முழுவதும் வைத்திருந்தோம். கண்ணாடிப் பாத்திரங்களை அடுப்பில் உலர்த்தி, ஆகன் நிரப்பிய கையுறைப் பைக்குள் வைத்தே நிறுத்தோம், கலந்தோம். போத்தலைத் திறக்காமல், அதன் இறப்பர் மூடியூடாக ஊசி செலுத்தியே கரைசலை எடுத்தோம். பம்பிலிருந்து உலை வரையுள்ள ஒவ்வொரு இணைப்பையும் சவர்க்கார நீர் பூசிக் கசிவு பார்ப்பதும் அன்றாட வழக்கமாயிற்று. ஐதரசனும் அசற்றலீனும் ஓடும் இடத்தில் அதைத் தவிர்க்கவே முடியாது.

மின்வெட்டு நேரங்களை மாற்று மின்கலங்களை வைத்துச் சமாளித்தோம். வளர்ச்சி முடிந்ததும் ஆகன் ஓட்டத்திலேயே உலையை ஆறவிட வேண்டும். சூட்டோடு காற்றுப் பட்டால் வளர்ந்த காபன் எரிந்துபோகும்.

எங்களிடம் இலத்திரன் நுணுக்குக்காட்டி இல்லாததால், கரும்படலம் படிந்த தகடுகளைக் கவனமாகப் பொதிசெய்து இரவு ரயிலில் கொழும்புக்குக் கொண்டுசென்றோம். படலத்தின் விளிம்பைச் சாய்த்துப் பார்த்தபோது, ஏறத்தாழச் சம இடைவெளியுள்ள புரிகளோடு சுருள்கள் அருகருகே நிமிர்ந்து நின்றன. ஈரம் நீக்காத கரைசலில் வளர்ந்த தகட்டில் அப்படியொன்றும் இல்லை. இத்தகைய சுருள்காடு மோதலின்போது நுரைப்பொருளைப் போல அமுங்கி மீளும் என்பதை 2006இல் வெளியான ஆய்வொன்று காட்டியிருக்கிறது. எங்கள் படலங்களிலும் முதலில் அந்த அமுக்கச் சோதனையையே செய்யவிருக்கிறோம்; தனிச் சுருளொன்றின் இரு முனைகளிலும் மின்தொடுகை அமைக்கும் வேலை அதற்குப் பிறகுதான்.