வராபியில் வீடு பிடித்து விலாசம் பதிந்த கதை

நிஷி-கசாயில் வாடகை கட்டுப்படியாகவில்லை, ஊரிலிருந்து மனைவியும் வரப்போகிறாள் என்றதும் டோக்கியோவை விட்டு வடக்கே, சைத்தாமா மாகாணத்து வராபிக்குக் குடிபோனேன். பரப்பளவில் ஜப்பானின் மிகச் சிறிய நகரம் இதுதான், மொத்தமே 5.11 சதுர கிலோமீட்டர், அதற்குள் சுமார் 75,000 பேர். இங்கே வர நினைக்கும் நம்மவர்கள் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன்.

விளம்பரத்தில் 'வராபி ஸ்டேஷனிலிருந்து நடந்து 8 நிமிடம்' என்று போட்டிருந்தால் வீடு வராபியில்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கிழக்கு வாசல் பக்கம் கொஞ்சம் நடந்தாலே கவாகுச்சி நகரம் வந்துவிடும். வெளிநாட்டவர் நிறையப் பேர் இருக்கும் பெரிய ஷிபாசோனோ குடியிருப்புகூட கவாகுச்சிதான். நகரம் மாறினால் போகவேண்டிய நகராட்சி அலுவலகமும் மாறும், குப்பை பிரிக்கும் விதியும் மாறும், அதனால் வாடகையைப் பார்ப்பதற்கு முன் விலாசத்தைப் பாருங்கள்.

வீடு கிடைப்பதுதான் உண்மையான தலைவலி. ஏஜென்ட் நம் கண் முன்னாலேயே வீட்டுக்காரருக்கு போன் போட்டு, "வெளிநாட்டவர், ஆனால் ஜப்பானிய மொழி பேசுவார்" என்று இழுப்பார், பிறகு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு நம்மைப் பார்த்துத் தலையைச் சாய்ப்பார், அத்தோடு அந்த வீடு போச்சு. கோபம் வரத்தான் செய்யும், ஆனால் அங்கே சண்டை போட்டுப் பயனில்லை, அடுத்த வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். சரி என்று யாராவது ஒப்புக்கொண்டால் ஷிகிகின் என்கிற அட்வான்ஸ், வீட்டுக்காரருக்கு நன்றிப் பணமாகக் கொடுக்கும் திரும்பியே வராத ரெய்கின், ஏஜென்ட் கமிஷன், வாடகைக்கு நமக்காக ஜாமீன் நிற்கும் கம்பெனிக்குக் கட்டணம், தீ காப்பீடு, பூட்டு மாற்றும் செலவு, முதல் மாத வாடகை எல்லாம் சேர்ந்து நாலைந்து மாத வாடகையை முழுங்கிவிடும். ஜாமீன் கம்பெனி உங்கள் ஆபீசுக்கே போன் செய்து விசாரிக்கலாம், எச்.ஆரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். யூ.ஆர். என்கிற அரசு சார்ந்த அமைப்பு வாடகைக்கு விடும் குடியிருப்பு என்றால் ரெய்கின், கமிஷன், ஜாமீன் எதுவும் கிடையாது, வருமானத்தைக் காட்டினால் போதும்.

விலாசம் பதியும் நகராட்சி வேலை இதற்கு நேர் எதிர், சுலபம். கிளம்பும் டோக்கியோ வார்டு அலுவலகத்தில் வெளியேறும் பதிவு செய்ய வேண்டும் (மை நம்பர் என்கிற அரசு அடையாள எண் அட்டை இருந்தால் 2023 முதல் ஆன்லைனிலேயே முடிக்கலாம்), குடிவந்த 14 நாட்களுக்குள் வராபி நகராட்சியில் நுழைவுப் பதிவு. எண் சீட்டு எடுத்து உட்கார்ந்தால் கூப்பிடுவார்கள், வெளிநாட்டவருக்கான குடியிருப்பு அட்டையின் பின்பக்கம் புது விலாசத்தை ஏற்றித் தருவார்கள். சின்ன ஊர், அதனால் கூட்டமும் பெரிதாக இல்லை. மனைவியைப் பதியும்போது திருமணச் சான்றிதழோடு ஜப்பானிய மொழிபெயர்ப்பும் கேட்டார்கள். அதை நாமே எழுதலாம், அடியில் மொழிபெயர்த்தவர் பெயர் இருந்தால் சரி.

கேஸ் இணைப்புக்கு மட்டும் நாம் வீட்டில் இருந்தே ஆகவேண்டும். ஆள் வந்து அடுப்பைப் பற்றவைத்து, வெந்நீரைத் திறந்து பார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். தேதியை முன்பே குறித்துக்கொள்ளாவிட்டால் பச்சைத்தண்ணிக் குளியல்தான்.

எடோ காலத்தில், அதாவது ஷோகன்கள் ஆண்ட காலத்தில், டோக்கியோவிலிருந்து கியோட்டோ போகும் நகாசெண்டோ நெடுஞ்சாலையில் வராபி இரண்டாவது தங்கல் ஊர், பழைய தெரு இன்னும் இருக்கிறது. இளைஞர்களுக்கு வயது வந்ததைக் கொண்டாடும் விழா 1946-இல் இங்கேதான் ஆரம்பித்தது என்று ஊர்க்காரர்களுக்கு ஏகப் பெருமை. துருக்கியிலிருந்து வந்த குர்துகள் பக்கத்திலேயே நிறைய இருப்பதால் கெபாப் கடைக்குப் பஞ்சமில்லை.

ரயில் விஷயம்: கெய்ஹின்-தோஹோகு லைன் மட்டும்தான் இங்கே நிற்கும், பக்கத்துத் தண்டவாளத்து வேக வண்டிகள் நிற்காமல் பறந்துவிடும். உவேனோ, அகிஹபாரா, டோக்கியோ எல்லாம் மாறாமல் போகலாம். காலையில் முந்தைய ஸ்டேஷனான மினாமி-உராவாவிலேயே கிளம்பும் வண்டிகள் சில உண்டு, நேர அட்டவணையில் அவற்றைத் தேடிப் பிடித்தால் உட்கார இடம் கிடைக்க வாய்ப்பிருக்கிறது.