மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய கியர்பாக்ஸுக்குப் புது ஒயில்

ஓட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஒயிலை நெடுங்காலம் மாற்றாமல் விட்டுவிட்டால் பிறகு அதைத் தொடவே கூடாது, தொட்டால் கியர்பாக்ஸ் போய்விடும் என்று பழைய கார் வைத்திருக்கும் பலரும் சொல்வார்கள். கனடாவின் ஸ்காபரோவில் நான் வழக்கமாகக் காரை விடும் கராஜ்காரரும் அதையேதான் சொன்னார். என் கார் 2005ஆம் ஆண்டு ஹோண்டா அக்கோர்ட், நான்கு சிலிண்டர், மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியது. முந்தைய உரிமையாளர் கியர்பாக்ஸ் ஒயிலை எப்போதாவது மாற்றினாரா என்பதற்கு ஒரு துண்டு ரசீதும் இல்லை.

"ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் தம்பி. கை வைக்க வேண்டாம்."

"ஏன் அண்ணை, மாற்றினால் என்ன ஆகும்?"

"மாற்றிப் போட்டு இரண்டு கிழமையில் இழுவை வண்டியில் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்."

அவர் பார்த்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மாற்ற வருகிறவர்கள் யார் என்று யோசிக்க வேண்டும். கியர் சரியாகப் பிடிக்காமல் வழுக்கத் தொடங்கிய பிறகுதான் பெரும்பாலானவர்களுக்கு அந்த ஒயிலின் நினைவே வருகிறது. அதற்குள் உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளின் உராய்வுப் பூச்சு தேய்ந்திருக்கும். தேய்ந்த துகள்கள் பழைய ஒயிலில் மிதந்து, தட்டுகளுக்கு மிச்சம் கொஞ்சம் பிடிப்பைக் கொடுத்துக்கொண்டிருக்கவும் கூடும். சுத்தமான ஒயில் வந்ததும் அந்தப் பிடிப்பும் போய்விடும். சாகப்போன கியர்பாக்ஸின் பழி புது ஒயிலின் தலையில் விழுகிறது. இயந்திரத்தை மாட்டி அழுத்தத்தில் ஒயிலைத் தள்ளிக் கழுவும் முறையிலும் ஓர் ஆபத்து உண்டு: அடியில் படிந்து கிடந்த கசடு கிளம்பி, நுண்ணிய வால்வுகளிலும் வடிகட்டிகளிலும் போய் அடைக்கலாம்.

ஆகவே முதலில் என் கியர்பாக்ஸ் வழுக்குகிறதா என்று பார்த்தேன். ரிவேர்ஸில் போட்டால் தயங்காமல் பிடித்தது. மேட்டில் அழுத்தினால் எஞ்சின் மட்டும் தனியாக இரையவில்லை. இருந்த குறை வேறு. எழுபதை ஒட்டிய வேகத்தில் மிதமாக ஓட்டும்போது, நெடுஞ்சாலை ஓரத்து வரிப்பள்ளங்களின் மேல் சக்கரம் ஏறியது போல ஓர் அதிர்வு வரும், இரண்டு மூன்று விநாடிகளில் போய்விடும். எஞ்சினின் சுழற்சியை ஒயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டோர்க் கன்வேர்ட்டருக்குள் இருக்கும் பூட்டு கிளட்ச் சீராகப் பிடிக்காமல் விட்டுவிட்டுப் பிடிப்பதால் வருவது அது. ஒயிலில் கலந்திருக்கும் உராய்வுச் சேர்மங்கள் சூட்டில் கெட்டுப்போனால் இப்படி நடக்கும் என்பதால், இதுவே மாற்றுவதற்குச் சரியான காரணமாகப் பட்டது. ஒயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை எடுத்து வெள்ளைத் தாளில் துடைத்துப் பார்த்தேன். சிவப்பு போய்க் கரும்பழுப்பாக இருந்தது, ஆனால் கருகிய வாடை இல்லை. கருகிய வாடையோடு வழுக்கலும் இருந்திருந்தால் கராஜ்காரர் சொன்னதைக் கேட்டிருப்பேன்.

இந்த ஹோண்டா கியர்பாக்ஸில் அடித்தட்டைக் கழற்றி வடிகட்டியை மாற்றும் வேலை கிடையாது. வடிகட்டி உள்ளே இருக்கிறது, அதை எடுக்கக் கூட்டையே பிளக்க வேண்டும். வடித்துவிட்டு ஊற்றுவதுதான் ஹோண்டாவின் முறை. ஒயிலில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை. என் காரின் கையேட்டில் இருப்பது இஸட்-1. ஹோண்டா அதற்குப் பதிலாகப் பின்னர் கொண்டுவந்தது டிடபிள்யூ-1. எல்லாக் கார்களுக்கும் பொருந்தும் என்று எழுதிய மலிவான புட்டிகளைக் கடையில் பார்த்துவிட்டு, ஹோண்டா முகவரிடமே போய் வாங்கினேன்.

குளிர் தொடங்குவதற்கு முன் வீட்டு முற்றத்தில் வேலையை வைத்துக்கொண்டேன். உதவிக்கு அக்காவின் கணவர் வந்தார், பெரும்பாலும் தேநீர் குடித்தார். காரைக் கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கி, முன்பக்கத்தை உயர்த்தித் தாங்கிகளில் நிறுத்தினோம். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் நுழையக் கூடாது என்பதில் அத்தான் கண்டிப்பானவர், அதில் அவர் சொல்வதுதான் சட்டம். கியர்பாக்ஸின் வடிகால் அடைப்பானில் சதுரக் குழி இருக்கும். எட்டில் மூன்று அங்குல ரட்செட்டின் முனை அதற்குள் நேரே பொருந்தும். அறுகோணத் தலை உள்ளது எஞ்சின் ஒயிலுக்கானது. எஞ்சின் ஒயில் மாற்றுவதாக நினைத்துக் கியர்பாக்ஸ் அடைப்பானைத் திறந்துவிடுகிறவர்கள் உண்டு.

அடைப்பானின் நுனியில் ஒரு காந்தம். நான் பயந்தபடி உலோகச் சில்லுகள் எதுவும் அதில் இல்லை. மை போன்ற சாம்பல் நிறப் பசை மட்டும் கனமாக அப்பியிருந்தது. இத்தனை ஓட்டத்துக்கு அது இயல்பானதே. துடைத்து, புது அலுமினிய வளையம் போட்டு, டோர்க் ரெஞ்சில் 49 நியூட்டன் மீட்டர் வைத்து இறுக்கினேன்.

வடிந்ததை அளந்தால் இரண்டரை லிட்டர் அளவு. அதே அளவை நீண்ட குழாய்ப் புனலால் டிப்ஸ்டிக் துளை வழியே ஊற்றினேன். துளை சிறியது, அவசரப்பட்டால் வழிந்துவிடும். அளவு பார்ப்பதிலும் ஹோண்டாவுக்கு ஒரு தனி வழக்கம்: காரைச் சமதளத்தில் நிறுத்தி, ரேடியேட்டர் விசிறி சுழலும் வரை சூடாக்கி, எஞ்சினை நிறுத்திய பிறகு 60 முதல் 90 விநாடிக்குள் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போதே பார்க்கும் கார்களில் பழகியவர்களுக்கு இது தெரியாது.

மொத்தம் ஆறரை லிட்டர் அளவு இருக்கும் இடத்தில் இரண்டரைதான் வடிகிறது. மீதி கன்வேர்ட்டரிலும் குழாய்களிலும் நிற்கிறது. எனவே ஒரு முறை மாற்றினால் புதியது ஏறத்தாழ 38 சதவீதம், இரண்டாம் முறை 62, மூன்றாம் முறை 77. அடுத்தடுத்து ஒரே நாளில் செய்யலாம். நான் எஞ்சின் ஒயில் மாற்றும் போதெல்லாம் ஒரு தடவை என்று தள்ளித் தள்ளிச் செய்தேன். கெடுவதாக இருந்தால் மெல்லத் தெரியட்டும், நிறுத்திக்கொள்ளலாம் என்பதே எண்ணம். ஒவ்வொரு முறையும் காந்தத்தில் பசை மெலிந்தது.

முதல் மாற்றத்தில் அதிர்வு குறைந்தது, மறையவில்லை. கடைசி மாற்றத்துக்குப் பிறகு வெயில் காலத்தில் அது வரவேயில்லை. உறைகுளிர்க் காலைகளில் முதல் சில நிமிடங்களுக்கு இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது வரும் சிறு குலுக்கல் இன்னும் இருக்கிறது, அதை ஒயில் சரிசெய்யவில்லை. மூன்றாம் கியரின் அழுத்த உணர்வியை மாற்றினால் போகலாம் என்று கராஜ்காரர் இப்போது சொல்கிறார். மலிவான பாகம், வெளியிலிருந்தே கழற்றலாம். அடுத்து அதைத்தான் பார்க்கப்போகிறேன்.