ஓர் ஓணானுக்காக ஒரு கரப்பான் பண்ணை

வளர்ப்பு ஓணானுக்குத் தீவனமாக 200 சுவர்க்கோழிகள் (இரவில் கிரீச்சிடுமே, அந்தப் பூச்சி) கேட்டிருந்தேன். பெட்டியைத் திறந்தபோது உயிரோடு இருந்தவை 17. ஆத்திரத்தில் உட்கார்ந்து எண்ணினேன். மீதியெல்லாம் நனைந்த முட்டை அட்டைக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக் கருத்துக் கிடந்தன. அந்த நாற்றத்தைப் பற்றி எழுதப் போவதில்லை, அனுபவித்தவர்களுக்குத் தெரியும். விற்றவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். 'வழியில் ஆன தாமதத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை' என்று ஒரே வரி வந்தது, அப்புறம் பேச்சே இல்லை. இந்தப் பக்கம் செவலை கண்ணாடியை நகத்தால் பிறாண்டிக்கொண்டிருந்தது.

செவலை எங்கள் பியர்டட் டிராகன், வீட்டில் வளர்க்கும் ஓர் ஓணான் வகை. அப்போது அதற்கு 4 மாதம். வளரும் குட்டிக்குத் தினமும் இரண்டு மூன்று வேளை பூச்சி வேண்டும், ஒரு வேளைக்கு 20 சின்னப் பூச்சிகள் போட்டாலும் 'அவ்வளவுதானா' என்று பார்க்கும். கடையை நம்பி இனிப் பிழைக்க முடியாது, நாமே வளர்ப்போம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். ஒரு பெட்டி, கொஞ்சம் தவிடு, இதில் என்ன இருக்கிறது என்ற நினைப்பு.

மிஞ்சிய 17-இல் தொடங்கினேன், போதாததற்கு இன்னொருவரிடம் நேரில் போய் 50 வாங்கினேன். பெண்ணைக் கண்டுபிடிப்பது எளிது: பின்பக்கம் மூன்று முள் இருக்கும், நடுவில் உள்ள நீளமானது முட்டையிடும் குழல். முதல் வாரம் ஒரு மூடியில் தண்ணீர் வைத்தேன். காலையில் பார்த்தால் அந்த ஒரு விரற்கடைத் தண்ணீரில் 11 செத்து மிதந்தன. பிறகு ஈரப் பஞ்சு வைத்தேன், இரண்டே நாளில் அது கெட்டு நாறியது. கடைசியில் கேரட் வில்லைதான் கைகொடுத்தது: உணவுக்கு உணவு, தண்ணீருக்குத் தண்ணீர். தினமும் மாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான்.

மூடியில் காற்றுக்காக நைலான் வலை ஒட்டியிருந்தேன். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். நைலானைக் கடித்து வழி செய்துகொண்டு ஓர் இரவில் ஊர்வலமே கிளம்பிவிட்டது. அதில் ஓர் ஆண் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் குடியேறி, விளக்கை அணைத்ததும் கச்சேரி, எழுந்து போனால் மௌனம் என்று மூன்று வாரம் படுத்தியது. நான்காவது வாரம் மனைவி, "அது போகட்டும், இல்லை நீங்கள் போங்கள்" என்றாள். உலோக வலை மட்டுமே நிற்கும்.

முட்டையிட ஈரமண் வைத்த கிண்ணம், அதன்மேல் ஒரு கம்பி வலை. வலை இல்லாவிட்டால் பெரியவையே முட்டையைத் தோண்டித் தின்றுவிடும். 30 டிகிரி வெப்பத்தில் இரண்டு வாரத்துக்குள் பொரிய வேண்டும். பத்தாம் நாள் வெளியூர் போய்விட்டு இரண்டு நாள் கழித்து வந்தேன். மண் காய்ந்து பாளம்பாளமாகி இருந்தது. ஒன்றுகூடப் பொரியவில்லை. இரண்டாவது முறை பொரிந்தது, எறும்பைவிடச் சின்னதாக நூற்றுக்கணக்கில். அதில் பாதி பெட்டி மூலையில் தேங்கிய ஈரத்தில் போயிற்று. மூன்றாவது முறைதான் செவலையின் வாய்வரை வந்தது.

இதற்கு நடுவே மீல்வார்ம், அதைவிடப் பெரிய சூப்பர்வார்ம் என்று வண்டாக மாறும் இரண்டு வகைப் புழுக்களும் வாங்கினேன். மீல்வார்மைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வளர்ச்சி நின்று பல வாரம் அப்படியே இருக்கும் என்று படித்திருந்தேன். இரண்டும் புழுதானே, சூப்பர்வார்ம் டப்பாவையும் உள்ளே வைத்தேன். மறுநாள் எல்லாம் துவண்டு கறுத்துவிட்டன. அதற்குக் குளிர் ஆகவே ஆகாது. இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது: கூட்டமாக இருக்கும்வரை சூப்பர்வார்ம் கூட்டுப்புழுவாக மாறாது. ஒவ்வொன்றையும் தனித்தனிச் சிமிழில் போட்டு இருட்டில் வைக்க வேண்டும். ஒரு வாரம் பத்து நாளில் உடல் வளைந்து சுருண்டால் மாறப்போகிறது என்று பொருள். 20 சிமிழ்களை மேசை இழுப்பறையில் அடுக்கி வைத்துவிட்டு வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு வாங்கிய திட்டு தனிக் கதை.

மீல்வார்ம் மட்டும் தகராறு செய்யாமல் வளர்ந்தது, நான்காவது மாதம்வரை. ஒருநாள் பெட்டியின் வெளிப்பக்கம் தூசி படிந்திருக்கிறதே என்று துடைக்கப் போனால், தூசி நகர்ந்தது. தவிட்டில் பெருகும் நுண்ணிய உண்ணி, கோடிக்கணக்கில் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. காரணம் நான்தான். ஈரக் காய்த்துண்டை இரண்டு நாள் தவிட்டின் மேலேயே விட்டிருந்தேன், தவிடு பூத்துவிட்டது. வண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்து மீதி முழுவதையும் கொட்டினேன். இப்போது புதுத் தவிட்டைச் சில நாள் உறைபெட்டியில் வைத்து, நன்றாக உலரவிட்ட பிறகுதான் பெட்டியில் போடுகிறேன்.

இவ்வளவு பாடுபட்டும் பெரிய தவறு வேறு இடத்தில் நடந்துகொண்டிருந்தது.

ஒரு காலையில் செவலையின் கால்விரல்கள் துடித்தன. குளிராக இருக்குமோ என்று நினைத்தேன். மறுநாள் நடக்கும்போது வயிற்றைத் தரையில் இழுத்தது. மருத்துவர் தாடையை மெல்ல அழுத்திப் பார்த்துவிட்டு, "எலும்பு இளக ஆரம்பித்திருக்கிறது. பூச்சிகள் என்ன சாப்பிடுகின்றன?" என்று கேட்டார். தவிடு என்றேன். தவிடு மட்டுமா என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

பூச்சி எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர, பூச்சிக்குள் என்ன இருக்கிறது என்று யோசிக்கவில்லை. சுவர்க்கோழி, மீல்வார்ம் எல்லாவற்றிலும் கால்சியம் குறைவு, பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். டிராகனுக்கு வேண்டியது நேர்மாறு, ஏறக்குறைய இரண்டு பங்கு கால்சியத்துக்கு ஒரு பங்கு பாஸ்பரஸ். கொடுப்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பூச்சிகளுக்கு நல்ல கீரை, காய் எல்லாம் போட்டு வயிற்றை நிரப்ப வேண்டும், கொடுக்கும்போது மேலே கால்சியம் பொடி தூவ வேண்டும். பொடி தூவினேன் என்றேன். எப்படி என்றார். சுவர்க்கோழிகள்மேல் பொடியைத் தூவிக் கூண்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போவேன். அவை ஓடி ஒளிந்து உடம்பைச் சுத்தம் செய்துகொள்ளும், சாயங்காலம் செவலை பிடிக்கும்போது பொடி ஏது? போதாக்குறைக்கு, புற ஊதாக் கதிர் தரும் யூவிபி விளக்கைக் கண்ணாடி மூடிக்கு மேலே வைத்திருந்தேன். சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். கதிர் படாவிட்டால் உடலில் வைட்டமின் டி3 உண்டாகாது, டி3 இல்லாமல் கால்சியம் உடலில் சேராது. ஆக நான் மாதக்கணக்கில் வெறும் வெளிச்சம்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

நல்லவேளை, ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம். மருந்து கொடுத்தார், கண்ணாடி மூடி போய்க் கம்பி வலை வந்தது. இப்போது வழுவழுப்பான கிண்ணத்தில் பூச்சி, பக்கத்தில் நான், கால் மணி நேரத்தில் தின்னாததை எடுத்துவிடுவேன். விட்டுவைத்த சுவர்க்கோழி இரவில் தூங்கும் டிராகனையே கடிக்கும், அதற்கும் இது நல்லது. அளவு விஷயத்தில் பழைய விதிதான்: இரண்டு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிய பூச்சி வேண்டாம்.

இன்னொரு ஆபத்திலிருந்து செவலை மயிரிழையில் தப்பியது. அக்கா மகன் ஒரு பாட்டிலோடு ஓடி வந்தான். "மாமா, செவலைக்கு லைட் எரியிற பூச்சி!" கையில் இடுக்கியோடு கூண்டைத் திறந்தேவிட்டான். அவ்வளவு சத்தமாக நான் அவனிடம் கத்தியதே இல்லை, பாவம் அழுதுவிட்டான். மின்மினியில் உள்ள நஞ்சு இதயத்தைத் தாக்கும், ஒரே ஒரு பூச்சி போதும் டிராகனைக் கொல்ல. வெளியில் பிடிக்கும் மற்ற பூச்சிகளும் வேண்டாம், அவை எந்த மருந்தடித்த செடியில் இருந்து வந்தன என்று யாருக்குத் தெரியும்?

சுவர்க்கோழியின் சத்தமும் நாற்றமும் தாங்காமல் கடைசியில், தீவனத்துக்கென்று வளர்க்கும் டூபியா என்ற கரப்பான் வகைக்கு மாறினேன். கரப்பான் என்றதும் வீட்டில் நடந்த விவாதத்தை விட்டுவிடுகிறேன். வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் ஏறாது, சத்தம் கிடையாது, நாற்றம் மிகக் குறைவு. நான்கு பெண்ணுக்கு ஓர் ஆண், முட்டை அட்டைகளைச் செங்குத்தாக நிறுத்தினால் எச்சம் கீழே விழும், பெட்டிக்கு அடியில் சூடு. சுத்தம் செய்யும்போது மட்டும் முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூசி சிலருக்கு ஒவ்வாமை தரும், எனக்குத் தும்மலில் தெரிந்தது. குட்டியாகத்தான் பிறக்கும், முட்டைக் கவலை இல்லை. முதல் முறை அட்டையைத் தூக்கியபோது வெள்ளை வெளேரென்று அரிசிமணி போல 30 குட்டிகள். அந்த நேரத்தில் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டியது அவசரப்பட்டு எடுத்த முடிவு என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஒரே குறை, பொறுமை வேண்டும். அந்தக் குட்டிகள் வளர்ந்து அவை குட்டி போட ஏறக்குறைய அரை வருடம். நான் ஒன்றைக்கூட எடுக்காமல் காத்திருந்தேன். பெட்டி நிரம்பியது, இரண்டாவது பெட்டி வந்தது. செவலைக்கு ஒன்றரை வயதும் ஆயிற்று. வளர்ந்த டிராகனுக்குக் கீரைதான் முக்கியம், பூச்சி வாரத்தில் இரண்டு மூன்று நாள் சில போதும். இப்போது கொழுத்த கரப்பானைக் காட்டினால் ஒரு கண்ணால் பார்த்துவிட்டுக் கீரைக் கிண்ணத்தின் பக்கம் திரும்பிக்கொள்கிறது. நேற்று மூன்றாவது பெட்டி வாங்கினேன். யாரிடமாவது பசியோடு ஒரு குட்டி டிராகன் இருந்தால் சொல்லுங்கள், 200 கேட்டால் 200-ம் உயிரோடு தருகிறேன்.